எட்டு பேனலும் ஒரு பல்பும்

பிப்ரவரி 9

அன்புள்ள கணக்குப்பிள்ளைக்கு,

உன் அண்ணி எழுதிக்கொள்வது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டிவிட்டு வந்தவளை இந்த வயதில் கடிதம் எழுத வைத்த பெருமை உன் அண்ணனையே சேரும். போன தடவை நீ வந்திருந்தபோது அவரை உன்னோடு கூட்டிப் போவேன் என்றாய், நான் விட மாட்டேன் என்றேன். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. நாம் போட்ட கூச்சலில் அவருக்கு இழுப்பு வந்து மூச்சு மிஷினை ஐந்தில் வைக்க வேண்டியதாயிற்று. அப்புறம் போனிலும் அதே கூத்து. "ரெண்டு பேரும் இனிமே பேசவே வேணாம். எழுதுங்க. எழுதுனா சத்தம் வராது" என்று உத்தரவு போட்டுவிட்டார். வருகிற கடிதத்தை மத்தியானம் நான் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டுமாம். போகிற கடிதத்தையும்தான். சரி முதலாளி என்றுவிட்டேன்.

முதலாளி சௌக்கியம். லாரி லாரியாகப் பெயிண்ட் அடித்துத் தன் நுரையீரலுக்கும் ஒரு கோட் அடித்துக்கொண்டவர், இப்போது மூக்கில் குழாயோடு படுத்துக்கொண்டு என்னை வேலை வாங்குகிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். மாடியில் சோலார் பேனல் போட மூன்று பேர் வந்து விலை சொல்லிவிட்டார்கள். வீடு அவர் பெயரில் இருக்கிறது, கையெழுத்து அவருடையது, அதனால் மூன்று பேரும் அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துதான் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டார். முதலில் வந்தவர் சென்ட்டுக்காரர். அவர் போன பிறகும் அவர் வாசனை டீ குடித்துவிட்டுத்தான் போயிற்று. இரண்டாமவர் பெயர் அவசரம். உட்காரும்போதே எழுந்துவிட்டார். மூன்றாமவர் பெட்டிக்காரர். பேனலோடு கூட சுவரில் ஒரு பெரிய பெட்டியும் மாட்டுவேன் என்றார்.

விலை எனக்குப் பணமாகச் சொன்னால் மண்டையில் ஏறாது. ஒரு பேண்ட்டுக்கு அடி மடித்துத் தைக்க வாங்குகிற கூலியை வைத்துப் பார்த்தேன். சென்ட்டுக்காரர் ஆறாயிரம் பேண்ட். அவசரம் ஏழாயிரம். பெட்டிக்காரர் பதினோராயிரம் பேண்ட். இந்த ஊரில் அத்தனை கால் இருக்கிறதா என்றே எனக்குச் சந்தேகம். உன் அண்ணன், "நொண்டிகளுக்குப் பாதி விலைன்னு போடு, கூட்டம் வரும்" என்கிறார். சிரித்துவிட்டு அதற்கு ஒரு இருமல்.

மூன்று பேர் கொடுத்த காகிதத்தையும் உள்ளே வைத்திருக்கிறேன். நீ படித்தவள். பார்த்துச் சொல்.

உன் வாயாடி அண்ணி

(சின்னச் சீட்டு. இது நான் அளவு குறிக்கிற துண்டுத் தாள். இதை அவருக்கு வாசிக்க மாட்டேன். நீயும் அவர் கேட்கக் கூடாததை இப்படித் தனியே எழுதி மடித்து வை.)

காற்றுக் காலம் வரப்போகிறது. போன வருஷம் மரம் விழுந்து மூன்று தடவை நின்றது. நம் பழைய இன்வெர்ட்டர் ஒரு விளக்கையும் விசிறியையும் தாங்கும். இந்த மிஷினைச் சொருகினால் கொஞ்ச நேரத்தில் அலற ஆரம்பித்துவிடும். மூலையில் இரண்டு ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறது, வாடகைக்கு. ஆனாலும் அவர் நாள் முழுக்க வாசல் நிலைக்கு மேல் இருக்கிற பல்பையேதான் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். பகலிலும் அது எரிய வேண்டும். இன்வெர்ட்டரில் சேராத பல்பு அது, எரிந்தால் கரண்ட் இருக்கிறது. அப்படியே பார்த்துக்கொண்டுதான் தூங்குகிறார். தூங்குகிறாரா என்ன, கண் மூடினால் பதறி முழிக்கிறார்.

'கரண்ட் போனா' என்ற வார்த்தையை இந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. பால்காரருக்குக்கூடச் சொல்லி வைத்திருக்கிறேன். கேட்ட மாத்திரத்தில் அவருக்கு நகக்கண் நீலமாகிறது. அந்தப் பெட்டிக்காரர் தெரியாமல், "இப்ப பாருங்கம்மா, திடீர்னு கரண்ட்டு போ—" என்று ஆரம்பித்தார். நான் டீயை அவர் மடியிலேயே சாய்த்துவிட்டேன். வேறு வழி தெரியவில்லை. பாவம், வெள்ளைப் பேண்ட்.


பிப்ரவரி 17

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. அண்ணனை விசாரித்ததாகச் சொல்லவும். அவர் கேட்டுக்கொண்டிருப்பார் என்பதால் நேராகவே சொல்கிறேன். அண்ணா, மருந்தை டீயோடு சாப்பிட வேண்டாம், தண்ணீரோடு சாப்பிடவும்.

மூன்று காகிதங்களையும் அலுவலகக் கம்ப்யூட்டரில் பக்கம் பக்கமாகப் போட்டுப் பார்த்தேன். பேனல் மூவருக்கும் ஒரே தரம்தான். உத்தரவாத வருடங்களும் ஒன்றே. அப்படியிருக்க, வாசனைக்காகச் சென்ட்டுக்காரரை ஒதுக்க வேண்டியதில்லை. அவரையே அமர்த்துங்கள். மூன்றாமவர் சொல்லும் பெட்டி எனக்குத் தேவையில்லாத செலவாகத் தெரிகிறது. நாம் கட்டும் பில்லைக் குறைப்பது பேனல். பெட்டிக்கும் பில்லுக்கும் சம்பந்தமில்லை.

அவரிடம் மறக்காமல் கேளுங்கள். மாடியில் துளை போட்ட இடத்தில் மழைநீர் இறங்கினால் யார் பொறுப்பு? தூசி துடைக்க ஆள் வருவாரா? மின் அலுவலக அனுமதியை அவர் வாங்குவாரா, நாம் அலைய வேண்டுமா? தண்ணீர்த் தொட்டியின் நிழல் பேனல் மேல் விழுமா?

பணம் இந்த வாரமே அனுப்புகிறேன். வீடு வாங்கச் சேர்த்து வைத்த முன்பணத்திலிருந்துதான். அதைப் பற்றிப் பேச வேண்டாம். வாடகை வீடு எனக்குப் பழகிவிட்டது. மிஷின் இரவும் பகலும் ஓடுவதால் நம் பில் பெரியது. எட்டு பேனல் போட்டால் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் ஆகிவிடும். ஏழு வருடத்தில் போட்ட பணம் முழுவதும் திரும்பிவிடும். பேனல் ஏறியதும் இரண்டாவது சிலிண்டரின் வாடகையை நிறுத்திவிடலாம். அதையும் சேர்த்துத்தான் இந்த ஏழு வருடம்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்

(தனித் தாள்)

ஏழு வருடம் என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். அண்ணி, போன முறை டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டுப் பேசினார். என்ன சொன்னார் என்று நீங்கள் இன்றுவரை கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததற்காக உங்கள் மேல் கோபமும் இருந்தது, நன்றியும் இருந்தது. அந்த வரியை வாசிக்காமல் தாண்டிவிடுங்கள்.

சென்ட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி இன்னொன்று இருக்கிறது. அதை முன்பக்கத்தில் எழுத முடியாது. நீங்கள் கேட்டிருப்பீர்கள்.


மார்ச் 18

அன்புள்ள கணக்குப்பிள்ளைக்கு,

பேனல் ஏறிவிட்டது! எட்டும் மாடியில் வரிசையாகச் சாய்ந்து உட்கார்ந்து வெயில் காய்கின்றன. வேலை செய்யாமல் வெயில் காய்ந்தால் நம் வீட்டில் திட்டு விழும், இதுகளுக்கு மட்டும் வெயில் காய்வதே வேலை.

முதலில் உன் கடிதம் வாசித்த கதையைக் கேள். ஒரு இடத்தில் என் நாக்கு கொஞ்சம் நொண்டியது. "என்ன அங்க தாண்டுற? குடு இப்படி" என்று பிடுங்கிவிட்டார். வாசித்தார். உத்தரத்தைப் பார்த்துவிட்டு, "ஏழு வருஷமா! அப்ப அதுவரைக்கும் நான் ஓடியாகணும். நடுவுல நின்னா தங்கச்சிக்கு நஷ்டம்ல" என்றார். அன்றிலிருந்து மாத்திரை கொடுத்தால் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டு, "நஷ்டம் வரக்கூடாது" என்று சொல்லித்தான் விழுங்குகிறார்.

வேலைக்கு வந்த நான்கு பேரும் மேலே துளை போடும்போது சுண்ணாம்பு முழுக்க அவர் போர்வையில் உதிர்ந்தது. வேறு நாளாயிருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பார். அன்றைக்குச் சுண்ணாம்போடு சிரித்துக்கொண்டு கிடந்தார். கைத்தடியால் சுவரில் தட்டி, "தொட்டி நிழல் விழாம பாத்துக்கங்கப்பா" என்று கீழிருந்தே மேஸ்திரி வேலை. நீ எழுதிய கேள்வி எல்லாவற்றையும் சென்ட்டுக்காரரிடம் ஒன்று விடாமல் கேட்டேன். "மேடம் என்ன படிச்சிருக்கீங்க?" என்றார். "ஐந்தாவது, ரெண்டு தடவை" என்றேன்.

இப்போதுதான் முக்கியமான சேதி. ஸ்விட்ச் போட்டுவிட்டு அவர்கள் போன அன்று சாயங்காலம் உன் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "அந்த பல்பை அணைச்சிடு" என்றார். எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நின்றேன். "மேலதான் சூரியனையே கட்டிப் போட்டாச்சே, இன்னும் அந்த பல்பு எதுக்கு?" என்றார். அணைத்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் படுத்து நான் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது. படுத்தவர் மிஷினுக்குப் போட்டியாகக் குறட்டை விட்டார்.

நீ சொன்னபடி இரண்டாவது சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அது நின்ற மூலையில் என் தையல் மிஷின் உட்கார்ந்திருக்கிறது.

உன் வாயாடி அண்ணி

(சின்னச் சீட்டு)

அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். உன் வீட்டுப் பணம் அதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். திட்டினாலும் நீ தங்கம்தான். இதை முன்பக்கத்தில் எழுதினால் என் மானம் போய்விடும்.

பயமில்லாமல் இருந்து பழக்கம் விட்டுப்போய்விட்டது. எதையோ அடுப்பில் வைத்துவிட்டு மறந்து வந்த மாதிரியே இருக்கிறது.


மார்ச் 30

அன்புள்ள அண்ணிக்கு, அண்ணனுக்கு,

இங்கே அனைவரும் நலம். வெயில் கடுமையாக இருக்கிறது. பேனல்களுக்கு நல்ல வெயில் கிடைப்பதில் மகிழ்ச்சி. அவசர வேலை இருப்பதால் இந்தக் கடிதம் சிறியது.

உங்கள் நாத்தனார்

(தனித் தாள். தனியாக இருக்கும்போது மட்டும் பிரிக்கவும்.)

அண்ணி, நேற்று காலை எங்கள் அலுவலகத்தில் கரண்ட் போனது. எங்கள் கட்டிட மாடியிலும் போன வருடம் சோலார் பேனல் போட்டிருக்கிறார்கள், நம்முடையதைப் போலப் பல மடங்கு. நல்ல வெயில். இருந்தும் கம்ப்யூட்டர், விசிறி எல்லாம் நின்றுவிட்டன. லிஃப்ட்டில் ஒருவர் மாட்டிக்கொண்டு கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். கட்டிட எலக்ட்ரீஷியன் படியேறி வந்தார். "மேலே அத்தனை பேனல் இருக்கே, வெயிலும் அடிக்குதே?" என்று கேட்டேன்.

"இது பேட்டரி இல்லாத பேனல் மேடம். வெளிக் கரண்ட் போச்சுன்னா இதுவும் தன்னால நின்னுடும். இல்லன்னா கம்பத்துல ஏறி வேலை பாக்குறவன் மேல ஷாக் பாஞ்சிடும்ல" என்றார். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்போலச் சொல்லிவிட்டு லிஃப்ட் பக்கம் போய்விட்டார்.

லிஃப்ட்டுக்குள்ளிருந்து அந்த ஆள் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

நம்முடையது எந்த வகை? சென்ட்டுக்காரரிடம் நீங்கள் கேட்டீர்கள்தானே? கேட்டேன் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். அது போதும்.


ஏப்ரல் 6

அன்புள்ள கணக்குப்பிள்ளைக்கு,

பேனல் போட்ட பிறகு முதல் பில் வந்திருக்கிறது. எவ்வளவு என்று நினைக்கிறாய்? மூன்றே பேண்ட்! உன் அண்ணன் அதைத் தன் தலைமாட்டில் ஊசி குத்தி மாட்டி வைத்திருக்கிறார். பால்காரர், பக்கத்து வீட்டுக்காரர், மருந்துக் கடைக்காரர் எல்லோருக்கும் காட்டியாகிவிட்டது. இனி தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டியதுதான். காலையில் எழுந்ததும், "மேல ஓடுதா?" என்று கேட்பார். "ஓடுது முதலாளி" என்பேன். நன்றாகத் தூங்குகிறார். கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்திருக்கிறது.

வாயாடி அண்ணி

(சின்னச் சீட்டு)

கேட்கவில்லை.

உன் தாளைக் குளியலறையில் வைத்து வாசித்தேன். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் பால் வாங்கப் போகிறேன் என்று சொல்லித் தெருமுனைக்குப் போய்ச் சென்ட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"ஆமாங்க, அது அப்படித்தான். வெளிக் கரண்ட் இருந்தாதான் இதுவும் ஓடும்" என்றார்.

"அடப்பாவி, வீட்டுக்குள்ள மூச்சு மிஷின் ஓடறதைப் பார்த்தீங்கல்ல? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க பில்லு குறையணும்னுதானே கேட்டீங்க. இதை நீங்க கேக்கவே இல்லையே" என்றார்.

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. உனக்குத் தெரியும், எனக்குத் திட்ட வாய் வராமல் போவது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று. நான் எப்படிக் கேட்பேன்? மூன்று பேரும் அவர் கட்டில் ஓரத்தில் அல்லவா உட்கார்ந்திருந்தார்கள். மழை ஒழுகுமா, தூசி யார் துடைப்பது, எல்லாம் கேட்டேன். அந்த ஒன்றை அவர் காதில் விழ எப்படிக் கேட்பது? பெட்டிக்காரர் அவராகவே சொல்ல வந்தார். நான் டீயைக் கொட்டி வாயை அடைத்தேன்.

அங்கிருந்து சிலிண்டர் கடைக்கு ஓடினேன். திருப்பிக் கொடுத்தது வேறு வீட்டுக்குப் போய்விட்டதாம். காற்றுக் காலமாம், எனக்கு முன்னால் நிறையப் பேர் வரிசையில் இருக்கிறார்களாம். பெயரை எழுதிக்கொண்டார்கள். ஆக, இப்போது வீட்டில் இருப்பது ஒன்றுதான். பெட்டிக்காரரிடமும் கேட்டேன். அந்தப் பெட்டிக்குள் இருப்பதுதான் பேட்டரியாம், அதை மட்டும் தனியாக வைக்க ஐயாயிரம் பேண்ட் ஆகும் என்கிறார்.

அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிற ஆளைத் தட்டி எழுப்பி என்ன சொல்வது? அவர் அணைக்கச் சொல்லிவிட்டார், இப்போது அந்த பல்பு எனக்குத் தேவைப்படுகிறது. போட்டால் ஏன் என்று கேட்பார். அதனால் தையல் மிஷின் பக்கத்தில் இன்வெர்ட்டரில் சேராத பிளக்கில் சின்ன விசிறி ஒன்றை ஓடவிட்டிருக்கிறேன். எனக்கு வியர்க்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். தைத்துக்கொண்டே அந்த விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேற்று ஒரு பேண்ட்டின் இரண்டு காலையும் சேர்த்துத் தைத்துவிட்டேன்.


ஏப்ரல் 13

அன்புள்ள அண்ணிக்கு, அண்ணனுக்கு,

பில் பற்றி அறிந்து மகிழ்ச்சி. நான் நலம்.

(தனித் தாள்)

இனி மகிழ்ச்சி என்ற வார்த்தையை எழுத முடியாது அண்ணி. கை கூசுகிறது.

உங்கள் மேல் தவறே இல்லை. நான்கு கேள்விகள் எழுதினேன், ஐந்தாவதை எழுதவில்லை. நீங்கள் சத்தமாக வாசிப்பீர்கள் என்பதால் எழுதவில்லை. தனித் தாளிலாவது எழுதியிருக்கலாம். அங்கேயும் அந்த இரண்டு வார்த்தைகளை எழுதப் பயந்து, 'நீங்கள் கேட்டிருப்பீர்கள்' என்று முடித்துக்கொண்டேன். டீ கொட்டிய கதையைப் படித்து அலுவலகத்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படிச் சிரித்தேன். அந்த மனிதர் என்ன சொல்ல வந்தார் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. பெட்டிக்கும் பில்லுக்கும் சம்பந்தமில்லை என்று எழுதியது நான். சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னதும் நான். அது என் ஏழு வருடக் கணக்கு எட்டாகிவிடக் கூடாது என்பதற்காக.

என்னிடம் இப்போது ஐயாயிரம் பேண்ட் இல்லை. கையிருப்பெல்லாம் மாடியில் இருக்கிறது. ஆனால் எங்கள் எலக்ட்ரீஷியனிடம் ஒன்று கேட்டேன். எட்டு பேனல் என்பது பில்லை ஒன்றுமில்லாமல் ஆக்க நான் போட்ட கணக்கு. மிஷினுக்கு நான்கும் ஒரு பேட்டரியும் போதுமாம். பெட்டிக்காரர் நான்கு பேனலைக் கழற்றி எடுத்துக்கொண்டு அதன் விலையைப் பெட்டியில் கழிப்பாரா என்று கேளுங்கள். பாதிப் பில் வரும். வரட்டும். இந்த முறை வெளியில் வைத்துப் பேசுங்கள், அண்ணன் முன்னால் வேண்டாம்.

அந்தப் பக்கம் காற்று பலமாக இருக்கும் என்று செய்தியில் சொன்னார்கள். உங்கள் ஊர்ப் பெயர் வந்ததும் டிவியை அணைத்துவிட்டேன். போன் போடலாமா என்று பத்து தடவை கையில் எடுத்தேன். என் குரலைக் கேட்டால் அண்ணனுக்குத் தெரிந்துவிடும்.

நான் வரட்டுமா? சண்டை போட மாட்டேன்.

கணக்கு


மே 2

அன்புள்ள கணக்குப்பிள்ளைக்கு,

இந்தக் கடிதத்தோடு சின்னச் சீட்டு இல்லை. தேடாதே. எழுதுவது எல்லாம் அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் உறையில் போடப் போகிறேன். பழைய சீட்டு, உன் தனித் தாள், எல்லாவற்றையும்கூட வாசித்தாகிவிட்டது. டாக்டர் உன்னை வெளியே கூப்பிட்டது வரைக்கும். "எனக்குத் தெரியாதாக்கும்" என்றார். அவ்வளவுதான்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை. விடியும்போது சரியான காற்று. தெருவில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று தனியாக நடந்து போயிற்று. பத்து மணிக்குள் எல்லாம் ஓய்ந்து, கண் கூசுகிற வெயில். இனி பயமில்லை என்று நினைத்துக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தேன். நல்ல மத்தியானம். என் விசிறி மெதுவாகிறது. எனக்குத்தான் மயக்கம் வருகிறதோ என்று பார்த்தேன். இறக்கை ஒவ்வொன்றாகத் தெரிந்தது. மிஷின் ஒரே கத்தலாகக் கத்தியது.

அவர் சுவர்ப் பக்கமிருந்து திரும்பினார். முதலில் என்னைப் பார்க்கவில்லை. பல்பைப் பார்த்தார். ஸ்விட்ச்சைக் காட்டிக் கையை ஆட்டினார். போட்டேன். எரியவில்லை. ஜன்னலைப் பார்த்தார். அவ்வளவு வெயில், ஜன்னல் கம்பியின் நிழல் தரையில் கோடு கோடாக விழுந்திருந்தது. உத்தரத்தைக் காட்டி இரண்டு கையையும் விரித்து எட்டு விரல் காட்டினார். எட்டு இருக்கிறதே என்று.

நான் சிலிண்டரை இழுத்து வந்து சாவியைப் போட்டுத் திருகுகிறேன், கை வழுக்குகிறது. "அது பில்லுக்குத்தாங்க. மூச்சுக்கு இல்ல" என்றேன். சாவி இரண்டு தடவை கீழே விழுந்தது. மூன்றாம் தடவை உஸ் என்று வந்தது. குழாயை மாற்றினேன். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. சிலிண்டர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது இறங்குவது கண்ணுக்குத் தெரியாது. கொஞ்சம் வேறு பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினால் இறங்கியிருக்கும்.

பக்கத்துத் தெருவில் காலைக் காற்றில் சாய்ந்து நின்ற மரம் இப்போது கம்பத்தின் மேலேயே விழுந்திருக்கிறதாம், நேரமாகும் என்று பால்காரர் வந்து சொன்னார். சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதென்று சிலிண்டர் காற்றை ஒரு புள்ளி குறைத்து வைத்தேன். அவர் மூச்சு ஒவ்வொன்றும் படியேறுகிற மாதிரி வந்தது. நான் வாய் மூடாமல் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தேன். என்ன பேசினேன் என்று இப்போது கேட்டால் தெரியாது. மேலே எட்டு பேனலும் வெயிலில் கொதித்துக்கொண்டு சும்மா கிடந்தன. முள் சிவப்புக் கோட்டைத் தொட்ட பிறகு, தெருவிளக்கு போடுகிற நேரத்துக்கு விசிறி மறுபடி அசைந்தது. நான் அந்த விசிறியைக் கட்டிக்கொண்டு அழுதேன். கை விரலில் இறக்கை பட்டு ஒரு வெட்டு. அதுதான் இந்தக் கடிதத்தில் கையெழுத்து இப்படி இருக்கிறது, ஐந்தாம் வகுப்பைக் குறை சொல்லாதே.

இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. மாத்திரையை வாங்கினார், "நஷ்டம்" என்று சொல்லவில்லை. தலைமாட்டில் இருந்த பில்லைக் கிழித்து மடித்து மூக்குக் கண்ணாடி துடைத்தார். மூன்றாம் நாள், "அந்த டீ கொட்டுன ஆளைக் கூப்பிடு" என்றார். நீ சொன்ன மாதிரி வாசலில் வைத்துப் பேசிக்கொள்கிறேன் என்றேன். "இங்க. என் முன்னாடி" என்று கட்டிலைத் தட்டினார்.

பெட்டிக்காரர் வந்தார். கறுப்புப் பேண்ட். டீ நீட்டினேன், "வேணாம்மா, குடிச்சிட்டேன்" என்று நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். நான்கு பேனலைக் கழற்றிக்கொள்ளச் சம்மதித்தார், பழையது என்று விலையைக் குறைத்துக் குறைத்து இழுத்தார், நான் ஏற்றி ஏற்றி இழுத்தேன். கழித்தது போக இரண்டாயிரத்துச் சொச்சம் பேண்ட் வருகிறது. மாதாமாதம் வாங்கிக்கொள்வாராம். துளையை யார் அடைப்பது என்று கேட்டேன். உத்தரவாதம் கேட்டேன். பெட்டி சூடாகுமா என்று கேட்டேன். எல்லாம் கேட்டுவிட்டு நிறுத்தினேன். பார்த்தால், இந்தத் தடவையும் அது என் தொண்டையிலேயே நிற்கிறது! அத்தனை நடந்த பிறகும் வெளியே வரவில்லை. பெட்டிக்காரர் என்னைப் பார்க்கிறார், நான் டீயைப் பார்க்கிறேன், அவர் டீயைப் பார்க்கிறார்.

உன் அண்ணன் கைத்தடியால் கட்டில் காலைத் தட்டினார். மூக்குக் குழாயைச் சரி செய்துகொண்டார்.

"கரண்ட் போனா?" என்று கேட்டார்.

அவர் நகத்தைப் பார்த்தேன்.

"மிஷின் மட்டும்னா ஆறு மணி நேரம் தாங்கும் சார். வெயில் இருந்தா ஏறிக்கிட்டே இருக்கும், நிக்காது" என்றார் பெட்டிக்காரர்.

"வெயில் இல்ல. ஏழாவது மணி நேரம்?"

பெட்டிக்காரர் பையைத் திறந்தார். காகிதத்தைப் புரட்டினார். அதில் இல்லை போலிருக்கிறது.

"அப்ப சிலிண்டர்" என்றேன் நான். அதற்கு முந்தின நாள்தான் கடையில் என் பெயர் வந்து, இரண்டாவது வீட்டுக்குத் திரும்பியிருந்தது.

"அதுவும் தீந்தா?"

"நான் வாயால ஊதுறேன். எனக்கு இருக்கற வாய்க்கு ரெண்டு நாள் தாங்கும்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, மிஷினை ஐந்துக்கு ஏற்ற வேண்டியதாயிற்று. பெட்டிக்காரர் எழுந்து நின்றுகொண்டு, "தண்ணி கொண்டு வரவா, தண்ணி கொண்டு வரவா" என்கிறார். எல்லாம் அடங்கிய பிறகு உன் அண்ணன் பேனா கேட்டுக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரம் வேலை ஆரம்பிக்கிறார்கள். அதுவரைக்கும் இரண்டு சிலிண்டரும் நானும்.

வாசல் பல்பு மறுபடி எரிகிறது. அவர்தான் போடச் சொன்னார். சுவர்ப் பக்கம் திரும்புவதில்லை. நேற்று பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேருமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு. உனக்கு?"

"இருக்கு" என்றேன்.

வரட்டுமா என்று கேட்டிருந்தாய். உன் அண்ணன் சொல்கிறார், சத்தம் போட்டாலும் பரவாயில்லையாம். கட்டிலுக்கு அந்தப் பக்கம் காலியாகத்தான் இருக்கிறது.

உன் வாயாடி அண்ணி